மினியேச்சர் பெயின்டிங்: கண்ணுக்குத் தெரியும் குறையிலிருந்து காரணத்துக்கு

மேசை மேல் வைத்து விளையாடும் போர் விளையாட்டுகளுக்கு நாமே பெயின்ட் அடிக்கிற சின்னச் சின்ன உருவங்கள்தான் மினியேச்சர், சுருக்கமாக மினி. வார்ஹாமர் என்ற விளையாட்டின் மினிகளும் சிட்டாடல் பெயின்ட்டும் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து வருகின்றன. மற்ற பெயின்ட் கம்பெனிகளில் ஆர்மி பெயின்டர் டென்மார்க், வலேஹோ ஸ்பெயின். அங்கே இருப்பவர்கள் சொல்லும் யோசனைகளும் அந்த ஊர்க் குளிரை ஒட்டியே இருக்கும். ஸ்பிரே கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிட்டு அடியுங்கள் என்பார்கள். சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து பெயின்ட் அடிக்கிற நமக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. காற்றில் இருக்கும் ஈரமும், பெயின்ட்டில் கலக்கும் தண்ணீரும், அது காயும் வேகமும்தான் பாதிக்கு மேற்பட்ட குறைகளுக்குக் காரணம். கையில் திறமை இல்லை என்று பலர் நொந்துகொள்ளும் இடங்களில்கூடப் பார்த்தால் இந்த மூன்றில் ஒன்றுதான் கோளாறாக இருக்கும்.

குறை எப்போது தெரிந்தது என்பதை முதலில் யோசியுங்கள். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே தெரிந்தால், அடியில் உள்ள பரப்பைச் சந்தேகப்படுங்கள். காய்ந்த பிறகு தெரிந்தால், தண்ணீர் அளவைப் பாருங்கள். நாலு நாள் கழித்துக் கையில் எடுத்தபோது தெரிந்தால், பிரைமர் (பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அல்லது அந்தப் பிளாஸ்டிக்கே காரணமாக இருக்கலாம். இது எப்போதும் பொருந்தாது, ஆனால் தேட வேண்டிய இடம் குறையும். இன்னொன்று: எந்தக் குறையானாலும் பாதி காய்ந்த நிலையில் கை வைக்காதீர்கள். ஒன்று முழு ஈரத்தில் உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லையென்றால் முழுசாகக் காயவிட்டு வேலை செய்ய வேண்டும். நடுவில் பிரஷ்ஷை வைத்தால் பெயின்ட் தோலாக உரிந்து வரும்.

## பிரைமர் அடித்ததும் பரப்பு சொரசொரவென்று இருக்கிறது

விரல் நகத்தை லேசாக ஓட்டினால் சரசரவென்று கேட்கும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பெரும்பாலும், துளிகள் மினியைத் தொடுவதற்கு முன்பே காற்றிலேயே காய்ந்து, தூளாகப் படிந்திருக்கும். கேனை ரொம்பத் தள்ளிப் பிடித்தாலோ, வெயில் கொளுத்தும் மொட்டை மாடியில் அடித்தாலோ, மின்விசிறிக் காற்று குறுக்கே வந்தாலோ இப்படி ஆகும். மதுரை, திருச்சிப் பக்கம் ஏப்ரல், மே மதியத்தில் அடிப்பவர்களுக்கு இது சகஜம். இன்னொரு காரணம், கேனைச் சரியாகக் குலுக்காதது. அடியில் தங்கிய நிறப்பொடி கட்டி கட்டியாக வந்து விழும்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். கேனுக்கு நேரே இருந்த பக்கம் ஓரளவு வழவழப்பாகவும், அக்குள், மேலங்கியின் மடிப்பு, கால்களுக்கு நடுவே உள்ள இடம் எல்லாம் சொரசொரப்பாகவும் இருந்தால், துளி காற்றில் காய்ந்திருக்கிறது. நேர்ப்பக்கத்திலேயே அங்கங்கே பெரிய புள்ளிகள் இருந்தால் குலுக்கல் போதவில்லை.

லேசான சொரசொரப்பு என்றால், ஒரு நாள் காயவிட்டுப் பழைய மென்மையான டூத்பிரஷ்ஷால் தண்ணீர் தொடாமல் தேயுங்கள். மேலே ஒட்டியிருக்கும் தூள் உதிர்ந்துவிடும். முகத்திலோ சங்கிலிக் கவசத்திலோ ஆழமாக ஏறியிருந்தால், பெயின்ட்டை முழுக்கக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். இன்னொரு கோட் அடித்தால் மூடிவிடும் என்ற ஆசை மட்டும் வேண்டாம். மேடு இன்னும் மேடாகத்தான் ஆகும்.

அடுத்த முறை கேனை 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் பிடியுங்கள். உள்ளே இருக்கும் குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். மினிக்கு வெளியே பொத்தானை அழுத்தி, மினியைக் கடந்து, வெளியே போய் விடுங்கள். நேராக மினி மேலேயே அழுத்தித் தொடங்கினால் முதல் துப்பல் அதன் மேலேயே விழும். பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கி எறியாமல் ஒரு துண்டு வைத்திருங்கள். முதல் அடி அதன் மேல்தான்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நேரம் முக்கியம். அதிகாலை குளுகுளுவென்று இருக்கும், ஆனால் ஈரப்பதமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். கோடையில் சென்னையில் கடல்காற்று நுழைவதற்கு முன்பு, முற்பகல் நேரமே நல்லது. போனில் வானிலை பார்க்கும்போது ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மெல்லிய கோட்டாக அடிக்கிறேன், 70ஐத் தாண்டினால் கேனை எடுப்பதே இல்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலத்தில் அந்த மாதிரி நாளுக்குக் காத்திருந்தால் வருஷம் முடிந்துவிடும். அதற்குப் பிரஷ்ஷால் பூசும் பிரைமர் இருக்கிறது. வலேஹோவின் சர்ஃபேஸ் பிரைமர் போன்றவற்றை இரண்டு மெல்லிய கோட்டாகப் பூசி, ஒரு நாள் முழுக்க விட்டால் கேனுக்குச் சளைத்ததில்லை.

கேனை வெயிலிலோ நிறுத்திய காருக்குள்ளோ வைக்காதீர்கள். 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று அதன் மேலேயே போட்டிருக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் பூட்டிய கார் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

## பிரைமர் நாள்கணக்கில் பிசுபிசுக்கிறது

மினி எந்தப் பொருளால் ஆனது என்று பாருங்கள். வளைத்தால் ரப்பராக வளைந்து திரும்பும் மென்மையான பிவிசி என்றால், ஸ்பிரேயில் உள்ள கரைப்பானுக்கும் அந்தப் பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்த்த பொருளுக்கும் ஒத்துவரவில்லை. ரீப்பர் நிறுவனத்தின் போன்ஸ் வரிசை இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். அது காயும் காயும் என்று காத்திருப்பதில் பயனில்லை. கழற்றிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கை நேரடியாகப் பூசுங்கள். முதல் கோட்டில் மட்டும் தண்ணீர் கலக்க வேண்டாம்.

திரவ ரெசினை ஒளியால் கெட்டியாக்கி உருவம் செய்யும் 3டி பிரின்டரில் எடுத்த மினி என்றால், ரெசின் முழுசாகக் கெட்டியாகவில்லை என்று அர்த்தம். புற ஊதா விளக்கிலோ வெயிலிலோ இன்னும் கொஞ்ச நேரம் வையுங்கள். உள்ளே குழிவாக அச்சிட்ட பெரிய உருவங்களில் ஓட்டை வழியாகத் திரவ ரெசின் வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே உள்ளே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அலசிக் காயவைத்திருக்க வேண்டும். கெட்டியாகாத ரெசின் தோலுக்கு ஒவ்வாமை தரும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

## பெயின்ட் பிடிக்காமல் திட்டுத் திட்டாக விலகுகிறது

எண்ணெய். அச்சிலிருந்து எளிதாக விடுபட உற்பத்தியில் தடவும் பொருளின் மிச்சம், அல்லது உங்கள் கைப் பிசுக்கு. ரெசின் வார்ப்புகளிலும் ஈய, வெள்ளீய வார்ப்புகளிலும் இது அதிகம். பாத்திரம் கழுவும் லிக்விடை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு, டூத்பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசிக் காயவிடுங்கள். சாப்பிட்ட கையோடு மினியை எடுக்காதீர்கள், முக்கியமாக முறுக்கு, பஜ்ஜிக்குப் பிறகு. மினியைக் கையில் பிடிக்காமல், பழைய மருந்து பாட்டில் மூடி மேல் கொஞ்சம் புளூடாக் (ஒட்டி எடுக்கக்கூடிய களிமண் மாதிரிப் பசை) வைத்து ஒட்டிப் பிடித்தால் இந்தத் தொல்லையே குறையும்.

கழுவியும் விலகினால், அடியில் பளபளப்பான கோட் இருக்கிறதா என்று பாருங்கள். பளபளப்பு வார்னிஷ் மேல் நீர்த்த பெயின்ட் நிற்காது. ஒரு மெல்லிய மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத வார்னிஷ்) கோட் கொடுத்துவிட்டுத் தொடருங்கள்.

## பிரஷ் தடம் தெரிகிறது, கண்ணும் பொத்தானும் மூடிப்போயின

புதிதாகத் தொடங்குபவர் எல்லோருக்கும் இது வரும். பாட்டிலிலிருந்து அப்படியே எடுத்துப் பூசியிருப்பீர்கள், அல்லது தட்டில் பிழிந்த பெயின்ட் ஃபேன் காற்றில் இறுகிக்கொண்டே வந்திருக்கும்.

தண்ணீர் கலந்து 'பால் பதத்துக்கு' கொண்டுவரச் சொல்வார்கள். எந்தப் பால் என்றுதான் யாரும் சொல்வதில்லை. நீல பாக்கெட் பாலா, தண்ணீர் ஊற்றிய டீக்கடைப் பாலா? அதனால் நான் கண்ணை நம்பாமல் நகத்தை நம்புகிறேன். பிரஷ்ஷால் தொட்டுக் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுங்கள். கோடு போட்ட இடத்தில் அப்படியே நின்று, பிரஷ் முடிகளின் வரி சில நொடிகளில் தானாக மறைந்து சமமானால் சரி. வரி மறையாமல் நின்றால் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர். கோடு பக்கவாட்டில் பரவி நகத்தின் ஓரக்குழிக்கு ஓடினால் தண்ணீர் அதிகம். சிவப்புக்கு ஒரு சொட்டுப் போதும், அதே கம்பெனியின் கறுப்புக்கு இரண்டு தேவைப்படலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் பதம் மாறும்.

பதம் சரியாக இருந்தும் குளமாகத் தேங்கினால் பிரஷ்ஷில் சுமை அதிகம். பெயின்ட்டைத் தொட்டதும் மினிக்குப் போகாதீர்கள். டிஷ்யூவில் பிரஷ்ஷின் வயிற்றுப் பகுதியை ஒரு முறை வைத்து எடுங்கள். நுனியில் இருப்பது நிற்கும், உபரி டிஷ்யூவுக்குப் போய்விடும். வீடியோ பார்த்துக் கற்பவர்கள் தவறவிடுவது இந்த ஓர் அசைவைத்தான், ஏனென்றால் அது பெரும்பாலும் கேமராவுக்கு வெளியே நடக்கிறது.

மூடிப்போன விவரங்களை மீட்க ஊசியால் சுரண்டிப் பார்க்கலாம், ஆனால் பிளாஸ்டிக் மினியில் கீறல்தான் மிஞ்சும். ஒற்றை மினி என்றால் கழற்றிவிடுங்கள். படையில் இருபதில் ஒன்று என்றால், மேசையில் ஒரு கை தூரத்தில் வைத்துப் பாருங்கள். தெரியவில்லையா? பின்வரிசையில் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

## மஞ்சளும் வெள்ளையும் மூடவே மாட்டேன் என்கின்றன

மஞ்சள் நிறமிகள் பெரும்பாலும் ஊடுருவித் தெரிபவை. கறுப்புப் பிரைமர் மேல் நேரடியாகப் பூசினால் நாலு கோட்டுக்குப் பிறகும் பாசி நிறமாகவே இருக்கும். முதலில் காவியோ வெளிர் பழுப்போ பூசுங்கள். இளஞ்சிவப்பு பூசினால் இன்னும் அருமை, மஞ்சள் அதன் மேல் வெதுவெதுப்பாக எழும். சிவப்புக்கு அடியில் செம்பழுப்பு.

வெள்ளையின் பிரச்சினை வேறு. அதில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு நன்றாக மூடும், ஆனால் கொஞ்சம் தடித்தாலும், பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ் பட்டாலும் பொடிப்பொடியாகத் திரளும். சுத்த வெள்ளையில் தொடங்காதீர்கள். வெளிர் சாம்பல் அல்லது தந்த நிறத்தில் முழுக்கப் பூசி, வெள்ளையை விளிம்புகளுக்கு மட்டும் வையுங்கள். ஏற்கெனவே பொடித்திருந்தால், காய்ந்தபின் மிக நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒரு நீர்த்த கோட். அதிகமாக நீர்க்க வேண்டும் என்றால் தண்ணீருக்குப் பதில் அக்ரிலிக் மீடியம் (நிறமி சேர்க்காத பெயின்ட் திரவம்) கலப்பது நல்லது. தண்ணீர் ரொம்ப அதிகமானால் நிறமியைப் பிடித்துவைக்கும் பசை வலுவிழந்து, காய்ந்த பிறகு கையோடு வரும்.

பாட்டிலைக் குலுக்கினாயா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். உள்ளே ஒரு குண்டு போட்டால்தான் அடியில் இறுகியது கலங்கும். சைக்கிள் கடையில் கிடைக்கும் பேரிங் குண்டு வேண்டாம், அது பாட்டிலுக்குள் துருப்பிடித்து நிறத்தையே மாற்றிவிடும். துருப்பிடிக்காத ஸ்டீல் குண்டு அல்லது சிறிய கண்ணாடி மணி போடுங்கள்.

## வாஷ் காய்ந்ததும் வளையம் வளையமாகக் கறை

பள்ளங்களில் இருட்டை நிரப்பத்தான் வாஷ் என்ற நீர்த்த, அடர்நிறப் பெயின்ட்டைப் பூசுகிறோம். அது குதிரையின் வயிற்றிலும் டாங்க்கின் தட்டையான மேல்தளத்திலும் கரை கட்டி நின்றால் எரிச்சல் வரும். காபித் துளி காய்ந்த இடத்தில் ஓரம் மட்டும் அடர்ந்து நிற்பதற்கும் இதுவேதான் காரணம். துளியின் ஓரம் முதலில் காய்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடுகிறது, நிறமியையும் இழுத்துக்கொண்டு போகிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் நேச்சர் இதழில் இதை விளக்கினார்கள். இது தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும்: ஓரம் என்று ஒன்று தட்டையான பரப்பில் உருவாக விடக் கூடாது.

முழு மினியையும் ஒரே மூச்சில் நனைப்பதை நிறுத்துங்கள். ஒரு கை, அப்புறம் ஒரு கால் என்று போங்கள். பூசிய உடனே, சுத்தமான தண்ணீரில் நனைத்து டிஷ்யூவில் ஒற்றிய இன்னொரு பிரஷ்ஷால் தட்டை இடத்தில் தேங்கியதை உறிஞ்சுங்கள். ஈரமான பிரஷ் உறிஞ்சும், சொட்டும் பிரஷ் கொட்டும், காய்ந்த பிரஷ் கீறும். உறிஞ்சியதை டிஷ்யூவில் துடைத்துவிட்டு அடுத்த இடம். ஃபேனை அணைத்துவிடுங்கள், ஓரம் வேகமாகக் காய்வதற்கு அதுவும் ஒரு காரணம். பெரிய பரப்புகளுக்கு வாஷோடு சம அளவு மீடியம் கலந்தால் கறை வெகுவாகக் குறையும். டாங்க்குக்கு வாஷை முழுவதும் அடிக்காமல், தகடு இணையும் கோடுகளில் மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் விடுங்கள்.

வந்துவிட்ட வளையத்தைத் தண்ணீரால் தேய்த்து அழிக்கப் பார்த்தால் இன்னொரு வளையம் கிடைக்கும். அடிப்படை நிறத்தை நீர்க்க எடுத்து, தட்டை இடத்தில் மட்டும் மறுபடி பூசுங்கள். எப்படியும் வாஷுக்குப் பிறகு அந்த வேலை இருக்கிறது.

வளையம் கறுப்பாக இல்லாமல் வெளுப்பாக இருந்தால்? போர்வெல் தண்ணீர். அதில் உள்ள உப்பு காய்ந்து நிற்கிறது. நீர்ப்பதற்கு ஆர்ஓ தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ பயன்படுத்துங்கள். பிரஷ் அலசும் டம்ளருக்குப் போர்வெல் தண்ணீர் போதும்.

## மேலே பூசினால் அடியில் இருப்பது கரைகிறது

ஒரே கோட்டில் நிழலும் வெளிச்சமும் தரும் வகைப் பெயின்ட்டுகளில் இது நடக்கும். சிட்டாடலின் கான்ட்ராஸ்ட் 2019இல் வந்தது. ஆர்மி பெயின்டரின் ஸ்பீட்பெயின்ட் 2022இல் வந்தபோது, காய்ந்த பிறகும் ஈரப் பிரஷ் பட்டால் கரைந்து மேல் நிறத்தோடு கலந்தது. 2023இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். உங்களிடம் இருப்பது பழைய பாட்டில் என்றால், அந்த அடுக்குக்கு மேல் மெல்லிய வார்னிஷ் கோட் அடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். சாதாரண அக்ரிலிக்கில் இது நடந்தால் அவசரம்தான் காரணம். மழைநாளில் அரை மணி நேரம் போதாது.

## கவசம் மின்ன வேண்டும், ஆனால் முகமும் மின்னுகிறது

உலோக நிறம் கலந்த தண்ணீரில் மற்ற பிரஷ்ஷையும் அலசியிருக்கிறீர்கள். அதில் மிதக்கும் மைக்கா துணுக்குகள் எல்லாவற்றிலும் ஏறும். தனி டம்ளர், முடிந்தால் தனி பிரஷ். முகத்தில் ஏறியதைத் துடைக்க முடியாது, மேலே பூசி மறைக்கத்தான் முடியும்.

## பிரஷ் நுனி இரண்டாகப் பிரிகிறது

முடியும் உலோகக் குழலும் சேரும் இடத்தில் பெயின்ட் ஏறி இறுகிவிட்டது. முடி நீளத்தில் பாதிக்கு மேல் பெயின்ட்டில் முக்காமல் இருப்பதும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அலசுவதும்தான் தற்காப்பு. இறுகிவிட்டால், சோப்புக் கட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, உள்ளங்கையில் வட்டமாகச் சுழற்றி, நுரை நிறமற்று வரும்வரை செய்யுங்கள். பிறகு விரலால் நுனியைக் கூராக்கிப் படுக்கவைத்துக் காயவிடுங்கள். தலைகீழாக டம்ளரில் நிறுத்தினால் நுனி வளையும். முடி மேலே இருக்க ஈரத்தோடு நிறுத்தினால் தண்ணீர் குழலுக்குள் இறங்கும்.

செயற்கை இழைப் பிரஷ்ஷின் நுனி கொக்கியாக வளைவது குறை இல்லை, அதன் ஆயுள். சில மாதத்தில் வளையும். அதை டிரைபிரஷ்ஷுக்கும் (பெயின்ட்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் தேய்ப்பது) பசை தடவுவதற்கும் ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்குங்கள். நிறைய பேர் சிபாரிசு செய்யும் கோலின்ஸ்கி என்பது சைபீரிய வீசல் என்ற சிறு விலங்கின் வால்முடி. விலை அதிகம், ஆனால் நுனி நிற்கும். ஸ்டேஷனரி கடைகளில் சில நேரம் நல்ல கூரான பழுப்பு முடிப் பிரஷ் மலிவாகக் கிடைக்கும். அது கீரி முடியா என்று கேளுங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்த வியாபாரமே குற்றம். கீரியைக் கொன்றுதான் அந்த முடியை எடுக்கிறார்கள்.

## வெட் பேலட் நாறுகிறது

பெயின்ட் காயாமல் ஈரமாகவே வைத்திருக்கும் தட்டுதான் வெட் பேலட். டிஃபன் பாக்ஸில் ஈர ஸ்பாஞ்ச், மேலே பேக்கிங் பேப்பர் என்று அதை வீட்டிலேயே செய்தவர்களுக்கு நம் ஊர் வெக்கையில் மூன்றாம் நாளே பூஞ்சை வரும். ஸ்பாஞ்சைக் கொதிநீரில் போட்டெடுத்து, வேலை இல்லாத நாளில் பிழிந்து காயவையுங்கள். பெயின்ட் அதில் தண்ணீராக ஓடினால், ஸ்பாஞ்ச் தண்ணீரில் மிதக்கிறது என்று பொருள். கொஞ்சம் கொட்டுங்கள். மெழுகு பூசிய தாள் வேண்டாம், அது தண்ணீரை மேலே விடாது.

## டெக்காலைச் சுற்றி வெள்ளி மினுக்கு

தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னப் படமான டெக்காலுக்கு அடியில் காற்று சிக்கியிருக்கிறது. மேட் பரப்பு நுணுக்கமாகப் பார்த்தால் மேடு பள்ளம்தான், அந்தப் பள்ளங்களில் நிற்கும் காற்றுதான் மினுக்குகிறது. ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் பூசிக் காயவிட்டிருந்தால் இது வராது. டெக்காலுக்கென்றே விற்கும் திரவங்களில் மைக்ரோ செட் என்பதை அடியில் தடவி ஒட்டி, மைக்ரோ சால் என்பதை மேலே தடவுங்கள். மைக்ரோ சால் டெக்காலை மென்மையாக்கி வளைவுகளில் படியவைக்கும். அப்போது டெக்கால் சுருங்கிச் சுருக்கம் விழும். பதறித் தொடாதீர்கள், தானாக இறங்கும்.

ஏற்கெனவே மினுக்கினால், மெல்லிய ஊசியால் அந்த இடத்தில் நாலைந்து துளை குத்தி, மைக்ரோ சால் திரவத்தைத் தடவிக் காத்திருங்கள். கடைசியில் மேட் வார்னிஷ் அடித்தால் பளபளப்பு போய்விடும்.

## வார்னிஷ் அடித்ததும் மினி முழுக்க வெண்படலம்

இந்தப் பொழுதுபோக்கில் இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் கிடையாது. வேலை எல்லாம் முடிந்து, கடைசியாக ஒரு கோட் அடித்து, காலையில் பார்த்தால் வெளுத்துப் போயிருக்கும்.

மேட் வார்னிஷில் மிக நுண்ணிய சிலிக்கா துகள்கள் இருக்கின்றன. ஒளியைச் சிதறடித்துப் பளபளப்பைக் குறைப்பது அவைதான். கேனையோ பாட்டிலையோ குலுக்காவிட்டால் அவை அடியில் திரண்டு, பிறகு மொத்தமாக வந்து விழும். ஒரே இடத்தில் தடிமனாக அடித்தாலும் துகள்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து வெளுக்கும். இது ஒரு வகை. இரண்டாவது வகை ஈரம். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றில் உள்ள நீராவி அதன் மேல் படிந்து வார்னிஷுக்குள்ளேயே சிறைப்படுகிறது. பருவமழைக் காலத்தில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பள்ளங்களிலும் தேங்கிய இடங்களிலும் மட்டும் வெளுப்பு என்றால் சிலிக்கா. எல்லாப் பக்கமும் சீராக, மெல்லிய புகைப்படலமாக இருந்தால் ஈரம்.

பதறி மறுபடி மேட் அடிக்காதீர்கள். அது வெளுப்பைக் கூட்டும். இரண்டு நாள் உலர்ந்த இடத்தில் விட்டு, பிரஷ்ஷால் பூசும் பளபளப்பு வார்னிஷை ஒரு மெல்லிய கோட் பூசுங்கள். ஒளி சிதறும் இடைவெளிகளை அது நிரப்புவதால், பெரும்பாலும் நிறம் கண்ணெதிரிலேயே திரும்பி வரும். மினி இப்போது அசிங்கமாக மின்னும், பரவாயில்லை. அது முழுசாகக் காய்ந்தபின், ஈரப்பதம் குறைந்த நாளில் மேட் வார்னிஷை மிக மெல்லியதாக, முடிந்தால் பிரஷ்ஷாலேயே பூசுங்கள். முதலில் மினியின் அடிப்பீடத்தில் ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு முகத்துக்கு வாருங்கள்.

ஆலிவ் எண்ணெய் தடவினால் வெளுப்பு மறையும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. மறையும். ஆனால் அந்த எண்ணெய் காயாது. நம் தெருப் புழுதியில் ஒரு மாதத்தில் அந்த மினி அழுக்கைச் சேர்த்துக்கொண்டு நிற்கும். ஒரு நாள் விளையாட்டுக்கு அவசரம் என்றால் தவிர நான் பக்கத்தில் போக மாட்டேன்.

வார்னிஷ் அடிக்காமலேயே, மூட்டுகளைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அது சூப்பர் குளூ. அதன் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து படிகிறது. பசையைக் குறைவாக வைத்து, மூடிய டப்பாவில் போடாமல் காற்றோட்டத்தில் விட்டால் வராது. விமானத்தின் கண்ணாடிக்கூரை போன்ற தெளிந்த பாகங்களைச் சூப்பர் குளூவால் ஒட்டவே வேண்டாம். பெவிகால் வகைப் பசை போதும்.

## விளிம்புகளில் பெயின்ட் உரிகிறது

வாள் நுனி, தொப்பி விளிம்பு, தோள்பட்டை. கையில் எடுத்து நகர்த்தும் மினிக்கு இது வரத்தான் செய்யும், உலோக மினிக்கு இன்னும் அதிகமாக வரும். முதலில் பளபளப்பு, அதன் மேல் மேட் என்று இரண்டு கோட் வார்னிஷ் கொடுங்கள். முதலாவது காப்பு, இரண்டாவது தோற்றம். பெரிய துண்டாக, தோல் போல உரிந்தால் அது வார்னிஷ் சமாச்சாரம் இல்லை. பிரைமர் பிடிக்கவே இல்லை, எண்ணெய்ப் பகுதியைத் திரும்பப் படியுங்கள்.

## எதுவும் சரிப்படவில்லை, கழற்றிவிடலாம்

அக்ரிலிக்கைக் கழற்ற டெட்டால் நன்றாக வேலை செய்யும். ஒரு கண்ணாடி ஜாடியில் மினி மூழ்கும்வரை, தண்ணீர் கலக்காமல் ஊற்றி, மூடி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, டூத்பிரஷ்ஷைப் புதிய டெட்டாலில் தொட்டுத் தேயுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: எடுத்ததும் குழாயடிக்குப் போவார்கள். தண்ணீர் பட்டவுடன் கரைந்த பெயின்ட் பிசினாகத் திரண்டு மினியிலும் பிரஷ்ஷிலும் கையிலும் ஒட்டும், பிறகு போகவே போகாது. பெயின்ட் எல்லாம் டெட்டாலிலேயே போன பிறகு, பாத்திரம் கழுவும் லிக்விடை நேரடியாக விட்டுத் தேய்த்து, கடைசியாகத்தான் தண்ணீர்.

உலோகத்துக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்குக்கும் இது ஒத்துவரும். ரெசின் மினியை இதில் ஊறப்போடாதீர்கள், சில வகை இளகிவிடும். ரெசினுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கொஞ்ச நேரம் மட்டும் வைத்து, அடிக்கடி எடுத்துப் பாருங்கள். அது எரியக்கூடியது, சமையலறையில் வேண்டாம். ஹார்டுவேர் கடைத் தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பிளாஸ்டிக் மினியையே கரைத்துவிடும், உலோக மினிக்கு மட்டும்தான்.

சூப்பர் குளூ மூட்டுகள் ஊறலில் விட்டுப்போகலாம். அதனால் ஜாடியைக் கொட்டும்போது வடிகட்டியில் ஊற்றுங்கள். கழன்ற கையும் துப்பாக்கியும் அதில் தங்கும்.